ஆறு குழி அச்சு

இல்லைத் தம்பி, சப்பாத்தைக் கழட்டாதேங்கோ, போட்டபடி வாங்கோ. ஓம், எனக்கு விளங்குது, வாசலில கழட்டித்தானே எங்கட ஆக்களுக்குப் பழக்கம். இஞ்ச இப்ப எல்லாம் மறுவளம். கராஜுக்குள்ள சப்பாத்தோட நிக்க வேணும். வீட்டுக்குள்ள போறதெண்டால் அதைக் கழட்டி உந்தப் பெட்டிக்குள்ள வைச்சு, கையைக் கழுவி, பேந்துதான் கதவில கை வைக்கலாம். சுகாதாரப் பகுதியில இருந்து வந்த பிள்ளை சொல்லிப்போட்டுப் போனது. நீங்கள் உள்ள வரத் தேவையில்லை. உங்களுக்கு வேண்டியதெல்லாம் இஞ்சதான் கிடக்கு.

இவர் இல்லை. அதாலதான் இண்டைக்கு வரச் சொன்னனான். சண்முகலிங்கத்தாரின்ர தமையன் மோசம் போயிட்டார், அஜாக்ஸில செத்தவீடு. கிரியை, எரிக்கிற இடம், பேந்து ஹோலில சாப்பாடு எண்டு பொழுதுபட்டுப் போகும். அதுக்கிடையில உதெல்லாம் உங்கட வானுக்குள்ள ஏறிப்போட வேணும். அவர் வந்து பாக்கேக்க இந்த மேசை வெறுமையாய்க் கிடக்க வேணும். அவ்வளவுதான் என்ர தேவை. இல்லை, இல்லை, பேர்சை உள்ள வையுங்கோ. அந்தக் கதையே வேண்டாம்.

அவருக்குத் தெரியுமோ எண்டு கேக்கிறியள். ரில்வான் தம்பி வந்து அச்சைக் கொண்டு போகட்டோ எண்டு நான் கேட்டனான். ஓம் எண்டும் சொல்லேல்லை, இல்லை எண்டும் சொல்லேல்லை. இப்ப எதுக்கும் அப்பிடித்தான். சோறு போடட்டோ எண்டாலும் அதே முகந்தான். போன வரியம் நீங்கள் கேக்கேக்க, மனிசியைக் கேட்டாலும் தருவன், அச்சைத் தரமாட்டன் எண்டு உங்களுக்குச் சொன்னவராம். வீட்டில வந்து அதைச் சொல்லிச் சிரிச்சவர். நான் கேட்டனான், அப்ப என்னை என்ன விலைக்குக் குடுக்கிறதாய் யோசினை எண்டு.

அந்தா, சிவத்தத் துணியால சுத்தி வைச்சிருக்கு, உதுதான். தூக்கிப் பாருங்கோ. பாரம் என்ன? எண்ணெய் பூசி வைச்சிருக்கிறார், கறள் பிடியாமல். கடைசியாய் ஈயம் வாத்த அண்டைக்கும் துடைச்சு எண்ணெய் பூசித்தான் வைச்சவர். அண்டைக்குத்தான் கடைசி எண்டு தெரியாது தானே.

எனக்குத் தெரியுமோ எண்டோ? ஐயோ தம்பி, நான் உதை எத்தினை தரம் பாத்திருப்பன். முதல் முதல் வாங்கினது ஒற்றைக்குழி அச்சு. ஒருக்கா ஈயம் வாத்தால் ஒரு சன்னம், துவக்குக்குப் போடுற ஒரே ஒரு குண்டு. திறந்து, தட்டி விழுத்தி, மூடி, திருப்பி வாத்து. பின்னேரம் முழுக்க நிண்டாலும் ஒரு பேணி நிரம்பாது. ஒரு தோசைக்கல்லை வைச்சுக்கொண்டு கலியாண வீட்டுக்குப் பந்தி நடத்தின மாதிரி. பேந்து இரட்டைக்குழி வாங்கினார். பேந்து இந்த ஆறு குழி வந்துது. அது வந்த அண்டைக்கு அவரை நீங்கள் பாத்திருக்க வேணும். பெட்டியை உடைச்சு மேசையில வைச்சிட்டு, யோகம், ஓடிவா, இட்டலிச் சட்டி வந்திட்டுது எண்டு கூப்பிட்டவர்.

அப்பிடித்தான் இருந்துதும். வரிசையாய் ஆறுக்கும் வாத்து, மேல்தகட்டுப் பிடியைத் திருப்பினால் மிச்ச ஈயம் வெட்டுப்பட்டு விழும். அச்சைத் திறந்தால் ஆறும் பொலபொல எண்டு துவாயில விழும். ஆனா அதுக்கொரு தாளம் வேணும் எண்டு சொல்லுவார். ஆறுதலாய் வாத்தால் அச்சுக் குளிர்ந்து போய், சன்னம் கிழவியின்ர கன்னம் மாதிரிச் சுருங்கி வரும். அவதிப்பட்டால் சூடு ஏறி, வெள்ளை பூத்த மாதிரி வரும். முதல் கொஞ்சம் எப்பவும் பிழைக்கும். பிழைச்சதை நான் பொறுக்கிக் குடுப்பன், அரிசியில கல்லுப் பொறுக்கின மாதிரி. அதுகளைத் திருப்பிச் சட்டிக்குள்ள போட்டிட்டு, ஈயத்தின்ர குணம் உதுதான் யோகம், எவ்வளவு பிழைச்சாலும் கோவிக்காது, திருப்பி உருகி வரும் எண்டு சொல்லுவார். அந்த மாதிரி வேற ஒண்டும் இல்லைத் தம்பி.

இந்தாங்கோ, முதல் உந்த மின்சாரச் சட்டியைத் தூக்குங்கோ. அடியைப் பிடியுங்கோ. மற்றக் கையிலயும் கிளவுஸ் போட்டிருக்கிறியள் தானே? நல்லது. நீங்கள் உங்கட ஹீற்றிங் சாமான் வைக்கிற யூனிற்றில வைச்சுத்தான் வாக்கிறனீங்கள் எண்டு இவர் சொன்னவர். அதைக் கேட்டபடியால்தான் உங்களைக் கூப்பிட்டனான். வீட்டில வைச்சுச் செய்யிற ஒருத்தருக்கும் நான் உதைக் குடுக்க மாட்டன். உங்கட மனிசி ரிஸ்மியா சின்னதுகளைத் தூக்கிக்கொண்டு வந்து நிக்கிற இடத்தில செய்யாதேங்கோ. வேலை முடிஞ்ச உடுப்போட பிள்ளையளைத் தூக்காதேங்கோ. சிரிக்காதேங்கோ, நான் பகிடிக்குச் சொல்லேல்லை.

எங்கட சனம் என்னைத்தான் கேட்டது. துவக்குச் சத்தத்துக்குப் பயந்து ஓடிவந்த நாங்கள், இஞ்ச வந்து அந்தச் சத்தத்தைக் காசு கட்டிக் கேக்கப் போறதோ, உங்கட மனிசனுக்கு என்ன விசரோ எண்டு. கோயிலில ஒரு மனிசி, அருள்நாயகம் அண்ணை ஆரைச் சுடப் பழகுறார், சம்பந்தியையோ எண்டு கேட்டுச் சிரிச்சவ. நானும் சேந்து சிரிச்சனான். அவர் ஒரு முயலைக்கூடச் சுட்டதில்லை. கடதாசியைத்தான் சுட்டவர், உங்களுக்குத் தெரியும் தானே. சுட்ட கடதாசியைக் கொண்டுவந்து, ஓட்டை எல்லாம் ஒரு இடத்தில விழுந்திருக்கு பார் எண்டு காட்டுவார். நான், ஓம், வடிவாய் இருக்கு எண்டு சொல்லுவன். ஓட்டையில என்ன வடிவு? சொல்ல வேண்டியது தானே.

ஏன் உந்தச் சுடுற இடத்துக்குப் போறனீங்கள் எண்டு இவரை ஒருக்காக் கேட்டனான். எங்கட ஆக்கள் கூடுற இடமெல்லாம் கேள்வி, யோகம். ஆற்ற பிள்ளை டொக்டர், ஆர் ஸ்ரௌவ்வில்லில வீடு வாங்கினது, ஆர் வித்தது. ரேஞ்சில காதை மூடிக்கொண்டு நிக்கலாம், ஒருத்தரும் ஒண்டும் கேக்கேலாது எண்டார். கனகாலம் ஸ்காபரோவில கார்ச் சாமான் அடிக்கிற பக்ரரியில நிண்ட மனிசன். அச்சு, அளவு, சூடு எண்டால் அவருக்குக் கையில வரும். வேலையால நிப்பாட்டினாப் பிறகு கை சும்மா இருக்கேல்லை. அதுக்கு இந்த அச்சு வாய்ச்சுது. ஈயம் ஜோசுவா குடுப்பார். பார்க்டேலில நாங்கள் எல்லாரும் ஒரே அபார்ட்மென்ரில இருந்தனாங்கள், அவர் இப்ப ரயர்க் கடை வைச்சிருக்கிறார். சில்லுக்கு நிறை பாக்கக் கொழுவுற ஈயக்கட்டியள் இருக்கெல்லே, கழட்டினதுகளை வாளியோட தருவார். உங்க மூலையில ரெண்டு வாளி கிடக்கு. அதையும் ஏத்துங்கோ. இல்லை, உருட்டாதேங்கோ, தூசி எழும்பும்.

உதோ? உது என்ர அடுப்பு. இப்ப காஸ் கழட்டிப்போட்டுது. உங்கட வீட்டிலயும் கராஜுக்க அடுப்பு இருக்கும் தானே? பாத்தியளே. எங்கட ஆக்களின்ர வீட்டில கார் வெளியில பனிக்க நிக்கும், உள்ள மீன் பொரியும். வீட்டுக்குள்ள பொரிச்சால் கோட்டில மணக்கும், பிள்ளையள் பள்ளிக்கூடம் போக வெக்கப்படுவினம். என்ர மகள் துர்க்கா சின்னனில அழுதிருக்கிறாள். அதாலதான் இந்த வீடு வாங்கேக்கயே இவர் இஞ்ச அடுப்புப் பூட்டித் தந்தவர். நான் அந்தப் பக்கம், அவர் இந்தப் பக்கம். ஒருக்காச் செத்தல் மிளகாய் வறுக்கேக்க கராஜ் கதவைக் கொஞ்சம் உயத்தி விட்டனான். அந்த நேரம் பாத்து எதிர்க்காத்து. தெரு முழுக்க இருமல். முன்வீட்டுச் சீனன் பயந்து போய் நெருப்பணைக்கிற வண்டியைக் கூப்பிட்டிட்டான். சிவப்பு லைற் சுத்தச் சுத்த வந்து நிக்குது. தொப்பியோட ஒரு வெள்ளைக்காரன் உள்ள வந்து, அடுப்பில இருந்த இரும்புத் தாச்சியை எட்டிப் பாத்து, இருமி இருமி, இதைச் சாப்பிடுறனீங்களோ எண்டு கேட்டான். இவர் அவனுக்கு ஒரு போத்தல் மிளகாய்த்தூள் குடுத்து அனுப்பினவர்.

ஓம், சிரிக்கலாம். நாங்களும் எத்தினை தரம் சொல்லிச் சொல்லிச் சிரிச்சிருப்பம். இப்ப அந்தப் போத்தலையும் நினைக்க வேண்டிக் கிடக்கு.

துர்க்காவின்ர மகனை நீங்கள் கண்டிருக்க மாட்டியள். மிதுனன். மூண்டு வயசு முடியப் போகுது. நல்லாய்க் கதை வந்த பிள்ளை தம்பி. அம்மம்மா எண்டு நீட்டிச் சொல்லும். இவரை அம்மப்பா எண்டு சொல்லாமல் அப்பப்பா எண்டு மாறிச் சொல்லும், இவர் திருத்தவும் மாட்டார். பேந்து பேந்து சொல்லுகள் குறைஞ்சுது. தண்ணி எண்டு கேட்ட பிள்ளை, கையைப் பிடிச்சு இழுத்துக் காட்டத் தொடங்கிச்சுது. வயித்துக்குத்து எண்டு அழும். சாப்பாட்டில விருப்பமில்லை. துர்க்கா டே கெயாரைக் குற்றம் சொன்னாள், மருமகன் ஐபாட்டைக் குற்றம் சொன்னார். நான் கண்ணூறு எண்டு மூண்டு செத்தல் சுத்திப் போட்டன். கடைசியில ஒரு டொக்டர் ரத்தம் குத்திப் பாத்தார். ஈயம். பிள்ளையின்ர ரத்தத்தில ஈயம்.

இருங்கோ, அந்தப் பெட்டிக்கு அடி கழண்டிருக்கு. கீழ கையைக் குடுத்துத் தூக்குங்கோ. ஆ, அப்பிடித்தான்.

முதல் அவையின்ர வீட்டைத்தான் சோதிச்சவை. புது வீடு, ஒண்டும் இல்லை. பேந்து, பிள்ளை வேற எங்க நிக்கிறது எண்டு கேட்டிருக்கினம். கிழமையில நாலு நாள் அம்மாவோட எண்டு துர்க்கா சொல்லியிருக்கிறாள். உங்கட அப்பா என்ன செய்யிறவர் எண்டு கேட்டிருக்கினம். அவ்வளவுதான். அண்டைக்குப் பின்னேரம் ரெலிபோன் எடுத்தாள். கத்தேல்லை. கத்தியிருந்தால் எனக்கு ஆறுதலாய் இருந்திருக்கும். அந்த வீட்டில அந்தச் சாமான் ஒண்டு இருக்குமட்டும் என்ர பிள்ளை அங்க வராது அம்மா, நீங்கள் இஞ்ச வாறதெண்டாலும் வர வேண்டாம், உடுப்பில ஈயத்தூசி வரும் எண்டாள். வைச்சிட்டாள்.

இவர் அண்டைக்குத் தொடங்கினார் கழுவ. காப்பெற் எல்லாம் கிழிச்சு எறிஞ்சார். மேசை, சுவர், நிலம். முட்டுக்கால் ரெண்டும் புண். கார் சீற்றைக்கூடக் கழட்டிப் போட்டார், பிள்ளையை அதிலதான் ஏத்தினது எண்டு. தன்ர உடுப்பு முழுக்கக் கறுத்தப் பையில கட்டி எறிஞ்சிட்டு, வோல்மார்ட்டில போய் ரெண்டு சேட்டும் ரெண்டு காற்சட்டையும் வாங்கிக்கொண்டு வந்தார். இண்டைக்குச் செத்தவீட்டுக்குப் போனதும் அதில ஒண்டோடதான். படுக்கிறது கீழ, பேஸ்மென்ரில. என்னையும் கிட்ட வர வேண்டாமாம். சன்னம் வாத்த கையோட பிள்ளையைத் தூக்கினனான், உடுப்பில போனது, தலைமயிரில போனது எண்டு அதையேதான் திருப்பித் திருப்பிச் சொல்லுவார். ஆனா கண்டியளோ தம்பி, அந்தத் தூசிக் கதையோட மனிசன் எப்பிடியோ இருந்துகொண்டார். தூசி எண்டால் கண்ணுக்குத் தெரியாது தானே. தெரியாமல் போனது எண்டு ஒரு ஓரத்தில சொல்லிக்கொள்ளலாம்.

பிள்ளையோ? மருந்து குடுக்கினம். ரத்தத்தில குறையுது எண்டுதான் சொல்லுகினம். கதை வருமோ எண்டு துர்க்கா கேட்டதுக்கு, ஈயம் இறங்கும், ஆனா அது செய்திட்டுப் போனதைத் திருப்பேலாது எண்டு டொக்டர் சொன்னவராம். மருமகன்தான் எனக்கு எடுத்துச் சொன்னவர், அவளுக்குத் தெரியாமல். பிறகு அவரும் எடுக்கேல்லை.

ஓம், சாமானெல்லாம் போனால் பிள்ளை வரும்தானே எண்டு கேக்கிறியள். நானும் அப்பிடித்தான் நினைச்சுக்கொண்டிருந்தனான். முந்தநாள் வரைக்கும்.

முந்தநாள் அந்தச் சுகாதாரப் பகுதிப் பிள்ளை ரெலிபோன் எடுத்தது. தமிழ்ப் பிள்ளைதான், இஞ்ச பிறந்தது, அரைவாசி இங்கிலிஸ். இவர் வெளியில கார் துடைச்சுக்கொண்டு நிண்டார். அங்கிள் இல்லையோ, பரவாயில்லை, அன்ரிக்கே சொல்லுறன் எண்டுது. நிலத்துத் தூசியில பெரிசாய் இல்லையாம். ஒரு மூண்டு வயசுப் பிள்ளைக்கு அவ்வளவு ஏற அது காணாதாம். தூளிலதான் இருக்காம். என்ர மிளகாய்த்தூள், மல்லித்தூள், சரக்குத்தூள் எண்டு நாலு போத்தல் கொண்டு போனவை. நாலிலயும் கனக்க. எங்க அரைக்கிறனீங்கள், எதில வறுக்கிறனீங்கள், அந்தப் பாத்திரத்தை வேற எதுக்கும் பாவிச்சனீங்களோ அன்ரி எண்டு கேட்டுது. இல்லை எண்டன். ரெலிபோனை வைச்சிட்டுத்தான் யோசிச்சன்.

சொல்லுறன். நீங்கள் வாக்கிற ஆள், உங்களுக்குக் கெதியில விளங்கும். ஆறு குழி அச்சுக்கு ஈயம் சொல்லி முடியாது. ஒற்றைக்குழியில கிள்ளிக் கிள்ளிக் குடிக்கும், இது மிடறு மிடறாய்க் குடிக்கும். அந்தச் சின்ன மின்சாரச் சட்டி கெதியாய் வத்திப் போகும். குளிர்ந்த கட்டியைப் போட்டால் சூடு இறங்கிப் போகும், தாளம் குழம்பிப் போகும். அதாலதான் ஜோசுவாவின்ர கட்டியளை முதலே ஒரு பெரிய பாத்திரத்தில உருக்கி, அழுக்கு நீக்கி, சின்னப் பாளமாய் ஊத்தி வைக்கிறது. அதுக்கொரு பெரிய இரும்புச் சட்டிக்கு ஓடர் குடுத்திருந்தவர். அது வரச் சுணங்கிச்சுது. இவருக்குப் பொறுமையில்லை. புது அச்சு வந்து இட்டலிச் சட்டி மாதிரிச் சிரிச்சுக்கொண்டிருக்கு. அந்தப் பக்கம் என்ர தாச்சி தொங்குது.

ஓம். செத்தல் வறுக்கிற தாச்சி.

எனக்குத் தெரியும் தம்பி. ஒளிச்சுச் செய்யேல்லை அவர். யோகம், ஒரு நாளைக்கு உன்ர தாச்சியைத் தா, நான் பளிங்கு மாதிரிக் கழுவித் தாறன் எண்டு கேட்டுத்தான் எடுத்தவர். கழுவியும் தந்தவர். இரும்புத் தும்பு போட்டு, சவுக்காரம் போட்டு, திருப்பித் திருப்பி உரஞ்சி, நெருப்பில காட்டி, நல்லெண்ணெய் பூசிக் கொண்டுவந்து கொழுவினவர். அவர் எதையும் அரைகுறையாய்ச் செய்யிற ஆள் இல்லை. பார், நீகூட இப்பிடிக் கழுவினதில்லை எண்டு எனக்குப் பகிடி. இரும்பு ஈயத்தைக் குடிச்சிட்டு இருக்குது எண்டு ஆருக்குத் தெரியும். பேந்து அந்தக் கிழமை நான் அதிலதான் சரக்கு வறுத்தனான், அதுக்குப் பிறகும் எல்லாத் தூளுக்கும் அதிலதான். துர்க்கா பிள்ளை பெறப்போற நேரம். பத்தியத்துக்கு மல்லி, மிளகு, மஞ்சள், எல்லாம் மெல்லிய நெருப்பில நிண்டு வறுத்து, முப்பத்தொண்டாம் நாள் வரைக்கும் அதைத்தான் காச்சிக் குடுத்தனான். அவள் தாய்ப்பால் குடுத்தாள். பேந்து பிள்ளை சோறு தின்னத் தொடங்க, கடைத்தூள் கூடாது, அம்மம்மாவின்ர தூள்தான் சுத்தம் எண்டு போத்தல் போத்தலாய்க் கொண்டு போனாள்.

விடுங்கோ. உந்தத் துவாயையும் சேத்துப் போடுங்கோ பைக்குள்ள.

இல்லை, அவருக்கு இன்னும் தெரியாது. அவர் தூசியோடதான் இருக்கிறார். ஆனா திங்கக்கிழமை அந்தப் பிள்ளையும் இன்னொருத்தரும் வருகினமாம், ரெண்டு பேரையும் இருத்தி வைச்சு விளங்கப்படுத்தப் போகினமாம். வேண்டாம், நானே சொல்லுறன் எண்டன். அது தங்கட முறையாம். தாச்சி எண்ட சொல்லு வந்த உடன அவருக்கு எல்லாம் விளங்கிப்போடும். எடுத்தது, கழுவினது, பகிடி விட்டது, எல்லாம். நான் எல்லாத்தையும் நினைச்சுப் பாத்திட்டன் தம்பி. மனசுக்குள்ள தாச்சியை எறிஞ்சு பாத்தன். எறிஞ்சால் எங்க தாச்சி எண்டு கேப்பினம். வேற தாச்சியைக் காட்டினால் சோதிப்பினம். சோதிச்சு ஒண்டும் இல்லை எண்டால் மிதுனனின்ர வைத்தியம் பிழைச்சுப் போகும். அதைச் செய்யேலாது தானே.

துர்க்காவுக்குச் சொல்லட்டோ? அவள் இப்ப அப்பா எண்ட சொல்லையே பாவிக்கிறேல்லை. டொக்டருக்கோ? இவரைக் கூட்டிக்கொண்டு போனனான். நித்திரை வருகுதோ, பசிக்குதோ, சாக வேணும் போல யோசினை வருகுதோ எண்டு கேட்டார். ஒண்டும் இல்லை எண்டு சிரிச்சுக்கொண்டு சொல்லிப்போட்டு வந்தவர். இங்கிலிசில கேட்டால் எங்கட ஆம்பிளையள் எல்லாத்துக்கும் நோ தான்.

எனக்குத் தமிழிலதான் சொன்னவர். போன ஞாயிற்றுக்கிழமை, உந்தக் கதிரையில இருந்துகொண்டு, நான் தேத்தண்ணி குடுக்கேக்க. யோகம், நான் இல்லாட்டித் துர்க்கா பிள்ளையைக் கூட்டிக்கொண்டு வருவாள் என்ன எண்டார். கணக்குப் பாத்த மாதிரி, அமைதியாய். பேந்து தேத்தண்ணிக்குச் சீனி காணாது எண்டார். போட்டுக் குடுத்தன்.

அதுதான் தம்பி. அச்சு எனக்குப் பெரிசில்லை. அச்சு கிடந்தாலும் ஒண்டும் செய்யாது, சன்னமும் தனிய ஒண்டும் செய்யாது. இந்த மேசை லாச்சி இருக்கு பாருங்கோ, வெடிமருந்தும் சன்னமுமாய் அடைச்சு முடிச்ச தோட்டாப் பெட்டியள். இதுகளைக் கொண்டு போகத்தான் உங்களைக் கூப்பிட்டனான். அச்சு வேணுமோ எண்டு கேட்டால்தானே வருவியள். உங்களிட்ட லைசென்ஸ் இருக்கு, தோட்டாவை எடுக்கலாம் தானே? துவக்கை ஏலாதெண்டு எனக்குத் தெரியும். அவர் தானே அரசாங்கத்துக்குக் கூப்பிட்டுச் சொல்லி, உங்கட பேருக்கு மாத்திற நம்பர் எடுத்துத் தரவேணும். துவக்கு வைச்சுப் பூட்டின பெட்டகத் திறப்பும் அவரின்ர இடுப்பிலதான். பொலிசுக்கு அடிக்கலாம். அடிச்சால் நாலு கார் வந்து, அவரை முழங்காலில இருத்தி, முன்வீட்டுச் சீனன் பாத்துக்கொண்டு நிக்க... அதுக்குப் பிறகு அவருக்குத் துவக்குத் தேவைப்படாது. திங்கக்கிழமைக்கு முன்னம் அதையும் செய்ய வேண்டி வந்தால் செய்வன். அவர் என்னைப் பேசினாலும் பரவாயில்லை. பேசுறதுக்கு ஆள் இருக்க வேணுமே.

இது எல்லாம் சரி. ஒரு பெட்டியில ஒரு தோட்டா வைக்கிற ஓட்டை வெறுமையாய் இருக்கு, நீங்களும் கண்டிட்டியள். எனக்கும் தெரியும். வீடு முழுக்கத் தேடிட்டன். காணேல்லை.

பொறுங்கோ. அது சண்முகலிங்கத்தாரின்ர மகன்ர கார். ஹோலில சாப்பிடாமலே இவர் அதில வந்திட்டார், பாருங்கோவன். வானின்ர பின்கதவைச் சாத்துங்கோ, கெதியாய். இல்லை, பொறுங்கோ, அந்த அச்சை மட்டும் திருப்பி வெளியில எடுங்கோ. கையில வைச்சிருங்கோ. அவர் உள்ள வந்த உடன இதை எப்பிடிச் சூடாக்கிறது எண்டு கேளுங்கோ. உங்களுக்குத் தெரியும், தெரிஞ்சாலும் கேளுங்கோ. ஆறும் ஒரே மாதிரி நிரம்ப என்ன செய்யிறது, எந்தப் பக்கத்தால தொடங்கிறது எண்டு கேளுங்கோ. நிப்பாட்டினார் எண்டால் வேற ஏதும் கேளுங்கோ. நேரமிருக்கோ உங்களுக்கு? ரிஸ்மியாவுக்கு நான் ரெலிபோன் எடுத்துச் சொல்லுறன். கேட்டுக்கொண்டே நில்லுங்கோ தம்பி.